சித்தூருக்குக் காரில் வருகிறீர்களா? எல்லை தாண்டும் முன் இதைப் படித்துவிட்டு வாருங்கள்

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக வந்தால், கேரள எல்லை தாண்டிய கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் வந்துவிடும். சொந்தபந்தம் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில்தான். கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று மாதத்துக்கு ஒரு காராவது எங்கள் வாசலில் வந்து நிற்கும். முதன்முறையாக வருகிறவர்கள் ஃபோனில் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒன்றுதான். எந்த வழியாக வரணும், என்னென்ன பேப்பர் வேணும், அரிசி கொண்டுவரலாமா, செக்போஸ்டில் என்ன கேட்பாங்க? அதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது என் தங்கை கல்யாணத்தன்றுதான்.

மாமா பல வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு அம்பத்தூருக்குத் திரும்பியவர். எங்கள் ஊருக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. சித்தூரில் மண்டபம். சாயந்திரம் வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். தாய்மாமன் வந்து நிற்காமல் எங்கள் வீட்டில் எந்தச் சடங்கும் நகராது. அதனால் அம்மா முந்தின நாளே ஃபோனில் அழுத்திச் சொல்லியிருந்தார்: "விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடு. எல்லை தாண்டிட்டா அப்புறம் அரைமணி நேரம்தான்." மாமாவும் அத்தையும் நாலு மணிக்கு ஆக்டிங் டிரைவரோடு கிளம்பிவிட்டார்கள். டிரைவர் ஃபோனில் சித்தூர் என்று போட்டார். மூன்று மணி நேரம் என்று காட்டியது. இப்போதெல்லாம் ரோடு நன்றாகப் போட்டுவிட்டார்கள் என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

காலை ஏழரைக்கு எனக்கு ஃபோன். "மாப்ளே, எல்லை தாண்டிட்டோம். போர்டெல்லாம் வேற பாஷை."

எனக்கு ஆச்சரியம்தான். ராத்திரியே கிளம்பியிருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். "என்ன தெரியுது மாமா?" என்றேன்.

"எழுத்து வட்ட வட்டமா இருக்கு. ரெண்டு பக்கமும் மாந்தோப்பு."

முதலமடை மாம்பழம் எங்கள் பக்கத்தில் பேர்போனது. கோவிந்தாபுரம் வழியாக வந்தால் மாந்தோப்புக்கு நடுவில்தான் வரவேண்டும். மலையாள எழுத்தும் வட்டம்தான். சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. "சரியாத்தான் வந்திருக்கீங்க. சித்தூர் வந்ததும் கல்யாண மண்டபம் எங்கேன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டேன்.

கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர் தமிழிலேயே வழி சொல்லியிருக்கிறார். மண்டப வாசலில் சந்தனம், பன்னீர், கல்கண்டு. பழத்தட்டோடு வந்தவரை முக்கியமான விருந்தாளி என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் இட்லியும் வடையும் பரிமாறியிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்தபோதுதான் அத்தை கவனித்தார். மணமேடையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். "நம்ம பக்கம் இப்படிப் பண்ண மாட்டாங்களே. அதுவுமில்லாம நமக்கு முகூர்த்தம் நாளைக்குத்தானே?" என்று மாமாவின் காதில் சொல்லியிருக்கிறார்.

மாமா வெளியே வந்து மறுபடி என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, வாசல்ல நிக்கிற வண்டியெல்லாம் ஏ.பி. 03ன்னு போட்டிருக்கு."

"மாமா, அது ஆந்திரா."

ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். எங்கள் சித்தூர் 500-க்கு மேல். கஷ்டம் என்னவென்றால், சென்னையிலிருந்து கிளம்பும் காருக்கு இரண்டுக்கும் பாதை ஒன்றேதான். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் தாண்டி, வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை வரை அதே தேசிய நெடுஞ்சாலை 48. அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஆந்திரா. நேராக வேலூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று போனால் கோயம்புத்தூர், அப்புறம் நாங்கள். ஒரே ஒரு திருப்பம்தான் வித்தியாசம்.

இனி, நீங்கள் வரும்போது செய்ய வேண்டியவை.

முதலில் முகவரி

ஊர்ப் பெயரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். மாவட்டமும் பின்கோடும் கேட்டு வாங்குங்கள். எங்கள் சித்தூர் 678101. ஆந்திரச் சித்தூர் 517001. பின்கோடின் முதல் இரண்டு எண்ணைப் பார்த்தாலே மாநிலம் தெரிந்துவிடும். 60 முதல் 64 வரை தமிழ்நாடு, 67 முதல் 69 வரை கேரளம், ஆந்திரம் 51-லிருந்து 53. மண்டபத்துக்காரரிடம் லொகேஷன் அனுப்பச் சொல்லி வாங்கினால் இன்னும் நல்லது. அதைத் தொட்டதும் வரும் கிலோமீட்டரை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். காரில் இருக்கும் ஐந்து பேரில் ஒருவராவது "இவ்வளவு கிட்டவா?" என்று கேட்பார்.

இது சித்தூருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர், நீலகிரியில் ஒரு கூடலூர். இரண்டுமே கேரள எல்லையை ஒட்டியவை. தேக்கடிக்குப் போகிறவர் "கூடலூர் வழி" என்று கேட்டுக்கொண்டு நீலகிரி மலையில் ஏறிவிட்டால், குமுளி எங்கோ கிடக்கும். தேனிக் கூடலூரின் பின்கோடு 625 என்று ஆரம்பிக்கும், நீலகிரியுடையது 643. எங்கள் எல்லைக் கோபாலபுரத்தைத் தேடினால் சென்னைக் கோபாலபுரம் முதலில் வரும். ஆகவே ஊரோடு "பாலக்காடு" என்றும் சேர்த்துப் போடுங்கள். எங்கள் ஊர் நகராட்சியின் பெயர் சித்தூர்–தத்தமங்கலம். வழியில் யாரிடமாவது விசாரிக்கும்போது தத்தமங்கலத்தையும் சேர்த்துச் சொன்னால் குழப்பமே வராது.

எந்த வாசல்?

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் நுழையப் பல வாசல்கள் உண்டு. போகிற ஊரை வைத்துத்தான் வாசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு, திருச்சூர், கொச்சி என்றால் வாளையார். தேசிய நெடுஞ்சாலை 544. புதிதாக வருகிறவர்களுக்கும் ராத்திரியில் வருகிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: மதுக்கரையிலிருந்து வாளையார் வரை காட்டை ஒட்டிய ரோடு. யானை நடமாட்டம் உண்டு. இருட்டிய பிறகு ஓரமாக நிறுத்திக் கால் நீட்டிக்கொள்ளும் இடம் அது இல்லை. அவசரம் ஏதும் இருந்தால் ஊருக்குள் போய் நிறுத்துங்கள்.

பகலில் வருவதானால், கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாகவும் வரலாம். பொள்ளாச்சியிலிருந்து மூன்று வழி. கொழிஞ்சாம்பாறைக்குக் கோபாலபுரம், தத்தமங்கலம் பக்கம் மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு பக்கம் கோவிந்தாபுரம். கொல்லங்கோட்டு ரோட்டில் வந்தால் நெல்வயலும், கரும்பனை மரமும், பின்னால் நெல்லியாம்பதி மலையும் கண் நிறையத் தெரியும். நேரம் இருந்தால் அந்த வழியிலேயே வாருங்கள். எனக்கு அதைவிடப் பிடித்த ரோடு இந்தப் பக்கம் வேறு இல்லை.

தெற்கே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு எல்லாம் இடுக்கி மாவட்டத்துக்குப் போக. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு போகிறவர்கள் பகலிலேயே போய்விடுங்கள். அது வனவிலங்குச் சரணாலயத்துக்கு நடுவே போகும் ரோடு, ராத்திரியில் விடமாட்டார்கள். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இறங்குகிறவர்களுக்கும் இதேதான். அங்கே வனத்துறைச் செக்போஸ்டில் நுழைந்த நேரத்தை எழுதிக்கொடுத்து, மறுமுனையில் சரிபார்ப்பார்கள். நடுவில் இறங்கி ஃபோட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் அங்கே பதில் சொல்ல வேண்டிவரும். திரும்பும்போது நிலம்பூர், நாடுகாணி வழியாக நீலகிரி ஏறி ஊட்டி பார்த்துவிட்டுப் போகும் எண்ணம் இருந்தால், 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கிளம்பும் முன்பே வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு சிக்னல் தேடக்கூடாது.

வண்டிப் பேப்பர்

இது சுலபம். சொந்த போர்டு கார் என்றால் எல்லை தாண்ட பெர்மிட்டோ வரியோ கிடையாது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், டிரைவருடைய லைசென்ஸ் போதும். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருந்தால் 2018-லிருந்து அதையே காட்டலாம். வாடகை வண்டி, அதாவது டி-போர்டு என்றால் கதை வேறு. பெர்மிட் இருக்கிறதா, கேரளத்துக்குச் செல்லுமா என்று டிராவல்ஸ்காரரிடம் கிளம்பும் முன்பே கேட்டு, அதன் நகலை வாங்கிக் காரில் வையுங்கள். தெரிந்தவருடைய சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து வராதீர்கள். விபத்து என்று ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போய்விடும்.

வேலைக்காக இங்கே குடிவருகிறவர்களுக்கு இன்னொன்று. தமிழ்நாட்டு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேரளப் பதிவுக்கு மாற்ற வேண்டும்.

டிக்கியில் என்ன இருக்கலாம்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நல்ல மனதோடு கொண்டுவரும் பொருளில்தான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

முதல் பொருள் ரேஷன் அரிசி. மகள் பாலக்காட்டில் குடும்பம் நடத்துகிறாள், வாங்கிவைத்த அரிசி வீட்டில் கிடக்கிறது, ஒரு மூட்டை கொடுத்துவிட்டு வரலாம் என்று அப்பாவோ அம்மாவோ டிக்கியில் ஏற்றிவிடுவார்கள். தமிழ்நாட்டு ரேஷன் அரிசி எல்லை தாண்டிக் கடத்தப்படுவது பெரிய பிரச்சினை. அதைப் பிடிக்கவே எல்லைச் சாலைகளில் சோதனை நடக்கிறது. அது மகளுக்கான அரிசி என்பது மூட்டையில் எழுதியிருக்காது. கடையில் வாங்கிய பை, பில்லோடு இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

அடுத்தது கள்ளு. எங்கள் சித்தூர் தாலுகாவே கேரளத்துக்குக் கள் கொடுக்கும் ஊர் என்று சொல்லலாம். தென்னந்தோப்பு ஓரமாகக் கள்ளுக்கடை போர்டு பார்ப்பீர்கள். இங்கே அது சட்டப்படி நடக்கும் கடை. தமிழ்நாட்டில் 1987-லிருந்து தடை. பத்து நிமிட தூரத்தில் சட்டம் தலைகீழாக மாறிவிடுகிறது. ஊருக்குக் கொண்டுபோய்த் தாத்தாவுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பாட்டில்கூட எடுத்துவைக்காதீர்கள். கடை மதுவும் அப்படித்தான். அந்தந்த மாநிலத்தில் மட்டுமே விற்பனைக்கு என்று பாட்டிலிலேயே அச்சடித்திருக்கும். இங்கிருந்து அங்கும் வேண்டாம், அங்கிருந்து இங்கும் வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லாட்டரிச் சீட்டு மூன்றாவது. எல்லை தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது லாட்டரிக் கடைகள்தான். கேரளத்தில் அரசே நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து தடை. ஆசைக்கு ஒன்று வாங்கினால் முடிவு வரும்வரை இங்கேயே சொந்தக்காரரிடம் கொடுத்துவையுங்கள். கட்டாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனால், விற்கக் கொண்டுபோகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சீர்வரிசை, பட்டுப்புடவை, பாத்திரம், பழம், பலகாரம் எதற்கும் கவலை வேண்டாம். நகை நிறையக் கொண்டுவந்தால், கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கைப்பையில் வையுங்கள், நகைக்கடை பில் இருந்தால் அதையும். தேர்தல் சமயமாக இருந்தால் ரொக்கப் பணத்துக்கும் கணக்குக் கேட்பார்கள்.

செக்போஸ்டில் பேச்சு

வாளையாரில் ஒரு காலத்தில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வணிகவரிச் சோதனைச் சாவடி போய், அந்த வரிசையும் போய்விட்டது. இப்போது போலீஸ், எக்சைஸ், சில இடங்களில் வனத்துறை. பெரும்பாலும் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிடுவார்கள். நிறுத்தினால் கண்ணாடியை இறக்கி, உள் விளக்கைப் போட்டு, எங்கே போகிறோம் என்று சொன்னால் சரி. இந்தப் பக்கத்துச் செக்போஸ்டில் பலருக்குத் தமிழ் புரியும். தமிழிலேயே பேசுங்கள், தெரியாத மலையாளத்தை இழுத்துப் பேச வேண்டாம்.

ஆனால் இரண்டு பாஷையும் ஒன்றுபோல ஒலிப்பதால் ஒரு வம்பு உண்டு. எங்கள் சித்தப்பா ஒருமுறை ஐந்து லிட்டர் வெள்ளை கேனைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்தார். நிறுத்திய அதிகாரி கேனைக் காட்டி, "இதில் எந்தா?" என்றார்.

"தண்ணி சார்."

தமிழ்நாட்டில் தண்ணி என்றால் இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது எல்லையில் வேலை பார்க்கிறவருக்குத் தெரியாதா? "ஏது தண்ணி?" என்றார், முகம் இறுகி.

"குடிக்கிற தண்ணிதான் சார்."

அதிகாரி கீழே குனிந்து, "வெள்ளமாணோ?" என்று கேட்டார். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "வெள்ளமா? எங்க ஊர்ல மழையே இல்லைங்க சார்" என்றார்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அதிகாரி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சிறுவாணித் தண்ணீர். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் தமிழ்க்காரர். அவர் இரண்டு பக்கமும் விளக்கிச் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரியே கேனை மூடித் திரும்பக் காலடியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அதனால் சில வார்த்தைகளைத் தெரிந்துகொண்டு வாருங்கள். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றால் "வெள்ளம்" என்று கேளுங்கள். "சம்சாரிக்கணும்" என்று யாராவது சொன்னால் பேச வேண்டும் என்று பொருள், உங்கள் மனைவியைத் தேடவில்லை. லாட்ஜில் "முறி உண்டு" என்றால் அறை காலியாக இருக்கிறது. "பட்டி" என்றால் நாய். கேட்டில் அந்த வார்த்தை எழுதியிருந்தால் ஊர்ப் பெயர் என்று நினைத்து உள்ளே போய்விடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம் வந்துவிட்டால் இந்தக் கஷ்டமும் இல்லை. கடை போர்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை தமிழ் உண்டு. 1956 நவம்பர் 1-ல் மாநிலக் கோடு போட்டபோது பாலக்காடு மலபாரோடும், சித்தூர் பழைய கொச்சி ராஜ்யத்துப் பகுதியோடும் சேர்ந்து கேரளத்துக்கு வந்தன. இங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். ஆகவே வழி தெரியாவிட்டால் வண்டியை நிறுத்தித் தமிழில் கேளுங்கள். ஃபோனைவிட டீக்கடை நல்ல வழிகாட்டி. மாசி மாதம் வந்தால் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படைத் திருவிழா இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொங்கு நாட்டுப் படையை விரட்டியதன் நினைவாக நடக்கும் விழா அது. அன்று ஊருக்குள் கார் நகராது.

உள்ளே வந்த பிறகு

வாளையார் வழியானால் பாம்பாம்பள்ளத்தில் டோல். ஃபாஸ்டாகில் பணம் இருக்கட்டும். பெட்ரோலைத் தமிழ்நாட்டிலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள், இங்கே விலை கூடுதல். 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு.

முன் சீட்டில் இருக்கும் இரண்டு பேரும் பெல்ட் போடுங்கள். கேரளத்தில் 726 கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். 2023 ஜூன் 5 முதல் அபராதம். யாரும் கை காட்டி நிறுத்த மாட்டார்கள், சலான் ஊருக்குப் போன பிறகு ஃபோனுக்கு வரும். வெளிமாநில வண்டி என்று விட்டுவிடுவதும் இல்லை.

அப்புறம், எல்லை தாண்டிய ஐந்தாவது நிமிடம் ஒரு கடை வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்களின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பாலக்காடு என்றால் கே.எல். 09, சித்தூர் என்றால் கே.எல். 70. எழுத்து வட்டமா சதுரமா என்று பார்ப்பதைவிட இது நிச்சயம்.

அன்றைக்கு மாமா ஆந்திரச் சித்தூரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் திரும்பி ஓட வேண்டியிருந்தது. அந்தக் கல்யாண வீட்டார் விஷயம் தெரிந்ததும் கோபப்படவில்லை. பெண்ணின் அப்பாவே வெளியில் வந்து, வேலூருக்குப் போகும் ரோட்டை டிரைவருக்குக் காட்டி, அத்தையின் கையில் தேங்காயும் வெற்றிலைப் பாக்கும் போட்ட தாம்பூலப் பையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வரவேற்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ராத்திரி பத்து மணிக்கு என் ஃபோன் அடித்தது.

"மாப்ளே, வாளையார் தாண்டி ஒரு டீக்கடையில நிக்கறோம். கே.எல். 09 ரெண்டு நிக்குது. ஒரு கே.எல். 70 நிக்குது. டீக்கடைக்காரர்கிட்ட வெள்ளம் கேட்டேன், குடிக்கத் தண்ணி குடுத்தார். சரிதானே?"

"சரிதான் மாமா. நான் ரோட்டுக்கு வந்து நிக்கறேன்" என்றேன்.